வீடியோ ஓடவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

ஒரு வீடியோ ஓட மறுத்தால் பலரும் உடனே ஒரு கன்வெர்ட்டரைத் தேடிப் போகிறார்கள். கோப்பை அதில் போட்டு, எம்பி4 என்று தேர்ந்தெடுத்து, மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சில நேரம் வேலை நடந்துவிடும். பல நேரம் மாற்றி வந்த கோப்பிலும் சத்தம் இருக்காது, அல்லது படம் மங்கிப்போயிருக்கும். இதைவிட வருத்தமானது, மாற்றி முடித்த கையோடு மூலக் கோப்பை அழித்துவிடுவது. கன்வெர்ட்டர் வீடியோவை மறுபடி சுருக்கும்போது படத்தில் தொலைந்த நுணுக்கத்தை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. குழந்தை எடுத்து வைத்த முதல் அடியோ, இப்போது நம்மோடு இல்லாத ஒருவரின் குரலோ அந்தக் கோப்பில் இருந்தால், அது சின்ன இழப்பு இல்லை.

ஆகவே இந்த வழிமுறையில் வடிவத்தை மாற்றுவது கடைசி வேலை. அதற்கு முன் கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். பெரும்பாலான சிக்கல்கள் படத்தைத் தொடாமலே தீர்ந்துவிடும்.

பெட்டி வேறு, உள்ளே இருப்பது வேறு

எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி, வெப்எம் என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் வருவதெல்லாம் வெறும் பெட்டியின் பெயர். கன்டெய்னர் என்பார்கள். அந்தப் பெட்டிக்குள் படத்துக்கு ஒரு தடம், ஒலிக்கு ஒன்றோ பலவோ, சில நேரம் சப்டைட்டிலுக்கும் ஒரு தடம் என்று தனித்தனியாக இருக்கும். படத்தையும் ஒலியையும் எந்த முறையில் சுருக்கியிருக்கிறார்களோ அந்த முறைக்குப் பெயர் கோடெக்.

எம்பி4 என்ற ஒரே பெட்டிக்குள் 2003-இல் வந்த எச்.264 இருக்கலாம், 2013-இல் வந்த எச்.265 இருக்கலாம், 2018-இல் வந்த ஏவி1 இருக்கலாம். எச்.265-க்கு எச்இவிசி என்றும் பெயர் உண்டு, இரண்டும் ஒன்றுதான். ஆக, டிவியின் கையேட்டில் எம்பி4 ஓடும் என்று போட்டிருந்தால், பெட்டியைத் திறக்கத் தெரியும் என்பது மட்டும்தான் உறுதி. உள்ளே இருப்பதைப் படிக்கத் தெரியுமா என்பது தனிக் கேள்வி. கோப்பின் பெயரில் எம்கேவி என்பதை அழித்து எம்பி4 என்று எழுதினாலும் உள்ளே ஒன்றும் மாறாது.

எதற்கும் முன் இரண்டு சோதனைகள்

முதல் சோதனை: அதே கோப்பைக் கணினியில் விஎல்சி பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். விஎல்சி தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தன்னோடே வைத்திருக்கிறது. இயங்குதளத்தை நம்பி இருப்பதில்லை. அங்கே நன்றாக ஓடினால் கோப்பு நலமாக இருக்கிறது, கோளாறு உங்கள் டிவியிலோ போனிலோ வேறு பிளேயரிலோதான். அங்கேயும் ஓடாவிட்டால் கோப்பையே சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

இரண்டாவது: உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பை இழுத்துப் போட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதை நிறுவ விருப்பமில்லை என்றால் விஎல்சியில் கன்ட்ரோல் விசையோடு ஜே விசையை அழுத்துங்கள்; முக்கிய விவரங்கள் வரும். குறித்துக்கொள்ள வேண்டியவை: படத்தின் கோடெக், பிட் ஆழம் (நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறது என்ற அளவு) 8-ஆ 10-ஆ, ரெசல்யூஷன், பிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை பிரேம்கள்) நிலையானதா மாறுவதா, பிட்ரேட் (ஒரு நொடி வீடியோவுக்கு ஆகும் தரவின் அளவு), ஒலியின் கோடெக், எத்தனை ஒலித்தடங்கள். இந்த விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: கோப்பைத் திறக்கவே மறுக்கிறது, ஆதரவில்லாத வடிவம் என்கிறது

இதில் இரண்டு காரணங்கள் கலந்து வரும். ஒன்று, பிளேயருக்குப் பெட்டியே தெரியவில்லை. மேக் கணினியில் இருக்கும் குயிக்டைம் பிளேயர் எம்கேவி கோப்பைத் திறக்காது. ஆனால் அதே எச்.264 படத்தை எம்பி4 பெட்டியில் கொடுத்தால் தயங்காமல் ஓட்டும். இங்கே செய்ய வேண்டியது பெட்டியை மட்டும் மாற்றுவது. இதை ரீமக்ஸ் என்பார்கள். படத்தையும் ஒலியையும் அப்படியே எடுத்து வேறு பெட்டியில் வைப்பதால் தரம் துளியும் குறையாது. இரண்டு மணி நேரப் படம்கூடச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். லாஸ்லெஸ்கட், ஏவிடெமக்ஸ் என்ற இரண்டு மென்பொருள்களுமே இதைச் செய்யும். ஏவிடெமக்ஸில் படம், ஒலி இரண்டுக்கும் காப்பி என்பதை விட்டுவிட்டு, கீழே எம்பி4 மக்ஸர் என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் போதும்.

இரண்டாவது காரணம், பெட்டி திறந்தும் உள்ளே இருக்கும் கோடெக் தெரியாமல் போவது. ஐபோனில் எடுத்த வீடியோவை விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவரும்போது இதுதான் அடிக்கடி நடக்கிறது. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் புதிய ஐபோன்கள் எச்இவிசியில் பதிவு செய்கின்றன. விண்டோஸில் அதற்கான நீட்டிப்பு எல்லாக் கணினிகளிலும் இருப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டியிருக்கும். பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் விஎல்சியே போதும். இனி எடுக்கப்போகும் வீடியோக்கள் எங்கும் ஓட வேண்டும் என்றால், ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, அதற்குள் ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் மோஸ்ட் கம்பேட்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு பெரிதாகும், ஆனால் எச்.264-இல் வரும்.

இதற்கு நேர் எதிரான ஒரு சிக்கலும் உண்டு. எச்இவிசி வீடியோ எம்பி4 பெட்டியில் இருக்கிறது, விஎல்சியில் ஓடுகிறது, ஆப்பிள் சாதனங்களில் மட்டும் திறக்கவில்லை. எம்பி4-க்குள் எச்இவிசியைக் குறிக்க இரண்டு அடையாளங்கள் உண்டு: எச்விசி1 (hvc1), எச்இவி1 (hev1). ஆப்பிளின் பிளேயர்கள் முதலாவதை மட்டுமே ஏற்கும். படத்தில் எந்தக் குறையும் இல்லை, ஒட்டியிருக்கும் சீட்டுதான் வேறு. கட்டளைகளால் இயங்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் மூலம் ரீமக்ஸ் செய்யும்போது அடையாளத்தை எச்விசி1 என்று மாற்றச் சொன்னால் தீர்ந்தது. இது தெரியாமல் முழுப் படத்தையும் மறுபடி சுருக்கித் தரத்தை இழப்பவர்கள் நிறையப் பேர்.

பழைய கோப்புகளைப் பொறுத்தவரை, 1992-இல் வந்த ஏவிஐ பெட்டியில் டிவ்எக்ஸ், எக்ஸ்விட் கோடெக்குகள் இருப்பது வழக்கம். புதிய போன்கள் பல அவற்றைத் தொடுவதில்லை. எஃப்எல்வி, ஆர்எம்விபி, டபிள்யூஎம்வி கோப்புகளும் அப்படியே. இவற்றுக்கு விஎல்சி போன்ற பிளேயரை அந்தச் சாதனத்தில் நிறுவுவதுதான் எளிய வழி.

அறிகுறி: பென்டிரைவில் கோப்பு இருக்கிறது, டிவியின் பட்டியலில் காணோம்

வீடியோவை விட்டுவிட்டுப் பென்டிரைவை எப்படி ஃபார்மட் செய்திருக்கிறது என்று பாருங்கள். பழைய டிவிகள் ஃபேட்32-ஐ மட்டுமே படிக்கும். ஆனால் ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதைவிடப் பெரிய படத்தைக் காப்பி செய்யும்போதே கணினி மறுத்துவிடும். புதிய டிவிகள் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டையும் படிக்கும். பழைய டிவியில் பெரிய கோப்பைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், லாஸ்லெஸ்கட்டில் கோப்பை இரண்டாகப் பிரித்து ஃபேட்32-இல் வைக்கலாம். மேக் கணினியின் சொந்த வடிவத்தில் ஃபார்மட் செய்த டிரைவை எந்த டிவியிலும் எதிர்பார்க்காதீர்கள்.

டிவிக்கு எக்ஸ்டென்ஷனே தெரியாவிட்டாலும் கோப்பு பட்டியலில் வராது. அப்போது மேலே சொன்ன ரீமக்ஸ்தான் வழி.

அறிகுறி: சத்தம் வருகிறது, திரை கறுப்பாக இருக்கிறது

பெட்டி திறந்துவிட்டது, ஒலியின் கோடெக் தெரிகிறது, படத்தின் கோடெக் தெரியவில்லை. மீடியாஇன்ஃபோவில் படத்தின் வரியைப் பாருங்கள். எச்இவிசி, ஏவி1, விபி9 என்று இருந்தால் காரணம் அதுவே. எச்.264 என்றே இருந்தும் படம் வரவில்லையா? பிட் ஆழத்தைப் பாருங்கள். 10 பிட் எச்.264-ஐப் பெரும்பாலான டிவிகளிலும் போன்களிலும் உள்ள சிப்புகளால் படிக்க முடியாது. எச்இவிசியில் 10 பிட் பரவலாக ஓடும், எச்.264-இல் ஓடாது, பெயரை மட்டும் பார்த்தால் புரியாத வேறுபாடு இது. கேமராக்களில் எடுத்த கோப்புகளில் குரோமா சப்சாம்ப்ளிங் (நிற விவரத்தை எவ்வளவு குறைத்து வைத்திருக்கிறது என்ற அளவு) என்ற இடத்தில் 4:2:2 என்று இருந்தாலும் இதே கதி. வீட்டுச் சாதனங்கள் 4:2:0-க்காகச் செய்யப்பட்டவை.

இந்த அறிகுறிக்கு ரீமக்ஸ் உதவாது. வேறு பிளேயரில் பாருங்கள், அல்லது கணினியை எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்து ஓட்டுங்கள். அந்தச் சாதனத்திலேயே ஓட வேண்டும் என்றால் மட்டும் மறுபடி சுருக்குங்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அறிகுறி: படம் ஓடுகிறது, சத்தம் இல்லை

வீட்டு டிவிகளில் அதிகம் வரும் புகார் இதுதான், தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். ஒலியின் கோடெக்கைப் பாருங்கள். டிடிஎஸ் என்று இருந்தால் அநேகமாக அதுதான் காரணம். டிடிஎஸ்ஸுக்கு உரிமக் கட்டணம் உண்டு. 2018-ஐ ஒட்டிச் சில பெரிய டிவி நிறுவனங்கள் தங்கள் மாடல்களிலிருந்து அதை எடுக்க ஆரம்பித்தன. ஆகவே பழைய டிவியில் சத்தத்தோடு ஓடிய கோப்பு, அதே நிறுவனத்தின் புதிய டிவியில் ஊமையாகிவிடும். டிவி பழுது என்று நினைத்து அலைய வேண்டாம். ட்ரூஎச்டி ஒலிக்கும் இதே சிக்கல் வரும். போன்களில் ஏசி-3, இஏசி-3 ஒலியும் சில பிளேயர்களில் வராது.

தீர்க்கும் வழிகளை இந்த வரிசையில் முயலுங்கள். முதலில், கோப்பில் வேறு ஒலித்தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ப்ளூரேயிலிருந்து எடுத்த எம்கேவி கோப்புகளில் டிடிஎஸ்ஸோடு ஏசி-3 தடமும் இருப்பதுண்டு. டிவி ரிமோட்டில் ஆடியோ டிராக்கை மாற்றினாலே சத்தம் வந்துவிடும். அடுத்து, சவுண்ட்பாரோ ரிசீவரோ இருந்தால், டிவியின் ஒலி அமைப்பில் பாஸ்த்ரூ என்பதை வைத்துப் பாருங்கள். டிவி தான் படிக்காமல் ஒலியை அப்படியே ரிசீவருக்கு அனுப்பிவிடும்; டிடிஎஸ்ஸை அனுப்பவே மறுக்கும் டிவிகளும் உண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

இரண்டும் இல்லை என்றால், ஒலியை மட்டும் மாற்றுங்கள். ஏவிடெமக்ஸில் கோப்பைத் திறந்து, படத்துக்குக் காப்பி என்பதை விட்டுவிட்டு, ஒலிக்கு மட்டும் ஏஏசி என்று தேர்ந்தெடுங்கள். ரிசீவரில் 5.1 ஒலி (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) கேட்பவர் என்றால் ஏஏசிக்குப் பதில் ஏசி-3 எடுங்கள். படம் தொடப்படாததால் தரம் அப்படியே இருக்கும், வேலையும் சீக்கிரம் முடியும். ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: ஏவிடெமக்ஸ் கோப்புக்குள் இருக்கும் சப்டைட்டிலைப் புதிய கோப்புக்குக் கொண்டுவராது. சப்டைட்டில் வேண்டும் என்றால், புதிய கோப்பையும் பழைய கோப்பையும் எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் சேர்த்துத் திறந்து, புதியதிலிருந்து படமும் ஒலியும், பழையதிலிருந்து சப்டைட்டிலும் எடுத்து ஒன்றாக்கிக்கொள்ளலாம்.

சத்தம் வருகிறது, ஆனால் வசனம் மட்டும் கேட்கவில்லை, பின்னணி இசை காதைப் பிளக்கிறது என்றால் அது வேறு சிக்கல். 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கான தடத்தில் இருக்கும். பிளேயர் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு அதைச் சரியாகக் கலக்காவிட்டால் வசனம் அமுங்கிவிடும். பிளேயரின் ஒலி அமைப்பில் ஸ்டீரியோ என்று வையுங்கள்.

அறிகுறி: திக்கித் திக்கி ஓடுகிறது

இங்கே மூன்று பேரைச் சந்தேகிக்கலாம்: சிப், பாதை, பிளேயர்.

சிப் என்றால் வீடியோவை விரிக்கும் வன்பொருள். எச்.264-ஐக் கடந்த பல ஆண்டுகளில் வந்த எந்தச் சாதனமும் வன்பொருளில் விரிக்கும். 10 பிட் எச்இவிசிக்கு இன்டெலில் ஏழாம் தலைமுறை பிராசசர் வேண்டும். ஏவி1-க்கு இன்டெலின் பதினொன்றாம் தலைமுறை, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை. இரண்டும் 2020-இல் வந்தவை. ஐபோனில் 15 ப்ரோவில்தான், அதாவது 2023-இல்தான் வந்தது. வன்பொருள் கைகொடுக்காதபோது பிராசசரே முழு வேலையையும் செய்கிறது. 1080பி என்றால் சமாளிக்கும். 4கே என்றால் மின்விசிறி இரைய ஆரம்பிக்கும், பிரேம்கள் விழும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியுவைச் சொடுக்கினால் வீடியோ டிகோட் என்று ஒரு வரைபடம் இருக்கும். வீடியோ ஓடும்போது அது அசையாமல் கிடந்து, பிராசசர் மட்டும் உச்சத்தில் இருந்தால், வன்பொருள் வேலை செய்யவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். பிளேயரில் அதை அணைத்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். கிராஃபிக்ஸ் டிரைவரையும் புதுப்பித்துப் பாருங்கள்.

பாதை என்பது கோப்பு வந்து சேரும் வழி. பிட்ரேட்டை 8-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை எம்பி என்று கிடைக்கும். 80 எம்பிபிஎஸ் (நொடிக்கு 80 மெகாபிட்) வீடியோவுக்கு நொடிக்கு 10 எம்பி (மெகாபைட்) தேவை. சாதாரண யுஎஸ்பி 2.0 பென்டிரைவே இதைத் தரும். ஆகவே பென்டிரைவிலிருந்து ஓடும்போது திக்கினால் பாதையைவிடச் சிப்பையே முதலில் சந்தேகியுங்கள். நெட்வொர்க்கில் கதை வேறு. பல டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு மேல் போகாது. 4கே ப்ளூரேயிலிருந்து எடுத்த கோப்பில் வேகமான காட்சிகள் அந்த அளவைத் தாண்டிவிடும், அந்த இடத்தில் மட்டும் படம் நிற்கும். கேபிள்தான் எப்போதும் வேகம் என்று நம்பி இருப்போம். இங்கே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கேபிளை முந்திவிடுவதுண்டு. மாற்றிப் பாருங்கள்.

பிளேயரைச் சோதிப்பது எளிது. அதே சாதனத்தில் இன்னொரு பிளேயரில் சீராக ஓடினால் முடிந்தது விஷயம். கணினியில் எம்பிவி என்ற பிளேயர் மிக இலகுவானது, சோதனைக்கு நல்லது.

அறிகுறி: உதடும் குரலும் ஒட்டவில்லை

முதலில் ஒரு கேள்விக்கு விடை காணுங்கள்: இடைவெளி தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவா, போகப்போகக் கூடுகிறதா?

ஒரே அளவு என்றால் எளிது. ப்ளூடூத் ஹெட்போனில் கேட்கிறீர்களா என்று பாருங்கள். ப்ளூடூத்தே ஒலியைத் தாமதப்படுத்தும். இல்லை என்றால், விண்டோஸிலும் லினக்ஸிலும் விஎல்சி ஓடும்போது ஜே, கே விசைகளை அழுத்தி ஒலியை முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஒரு அழுத்துக்கு 50 மில்லிநொடி. எந்த எண்ணில் சரியாகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, எம்கேவிடூல்நிக்ஸில் அந்த ஒலித்தடத்துக்கு அதே தாமதத்தைக் கொடுத்துச் சேமித்தால் நிரந்தரமாகத் தீர்ந்துவிடும்.

போகப்போகக் கூடினால் பெரும்பாலும் பிரேம் ரேட் காரணம். போன்கள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப நொடிக்கு எடுக்கும் பிரேம்களைக் கூட்டிக் குறைக்கின்றன. மீடியாஇன்ஃபோவில் பிரேம் ரேட் மோட் என்ற இடத்தில் வேரியபிள் என்று வரும். சும்மா பார்க்கும்போது இது பிரச்சினை செய்யாது. எடிட்டிங் மென்பொருளில் போட்டதும் சில மென்பொருள்கள் நிலையான பிரேம் ரேட் என்று எடுத்துக்கொள்ளும், குரல் விலகிக்கொண்டே போகும். இதற்கு ஹேண்ட்பிரேக் என்ற மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் பிரேம் ரேட் என்று தேர்ந்தெடுத்து, உயர்ந்த தரத்தில் ஒரு நகல் எடுத்து, அந்த நகலை எடிட் செய்யுங்கள். மறுபடி சுருக்குவதற்கு நியாயம் உள்ள சில இடங்களில் இது ஒன்று.

அறிகுறி: நிறம் சரியில்லை

வெளுத்துப்போய், சாம்பல் பூசியது போல் இருந்தால் அது பெரும்பாலும் எச்டிஆர் வீடியோ, அதாவது வெளிச்சத்தையும் நிழலையும் சாதாரண வீடியோவைவிட அதிக வீச்சில் பதிவு செய்தது. எச்டிஆர் தெரியாத திரையிலோ பிளேயரிலோ அப்படித்தான் தெரியும். 2020-இல் வந்த ஐபோன் 12 முதல் போனிலேயே எச்டிஆர் பதிவு உண்டு. அதனால்தான் போனில் பளிச்சென்று இருந்த காட்சி கணினியில் உயிரில்லாமல் தெரிகிறது. விஎல்சி 3-உம் எம்பிவியும் எச்டிஆரைச் சாதாரணத் திரைக்கு ஏற்ப மாற்றிக் காட்டும். பலருக்கும் பகிரத்தான் எடுக்கிறீர்கள் என்றால் கேமரா அமைப்பில் எச்டிஆர் வீடியோவை அணைத்துவிடுவது நல்லது.

முகமெல்லாம் பச்சையாகவும் ஊதாவாகவும் தெரிந்தால் அது டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகையின் புரொஃபைல் 5. அது வேறு நிறக் கணக்கில் எழுதப்பட்டது. டால்பி விஷன் தெரியாத சாதனம் அதைச் சாதாரண நிறமாக எடுத்துக்கொள்கிறது. மீடியாஇன்ஃபோவில் எச்டிஆர் ஃபார்மட் வரியில் புரொஃபைல் எண் இருக்கும்.

பச்சைக் கோடுகளோ, கட்டம் கட்டமாகச் சிதறலோ வந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரை முதலில் சந்தேகியுங்கள். விஎல்சியில் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், இன்புட் கோடெக்ஸ் என்று போய், ஹார்ட்வேர் டிகோடிங்கை டிசேபிள் செய்து மறுபடி ஓட்டுங்கள். சரியானால் டிரைவர்தான். சரியாகாமல், எப்போதும் அதே நொடியில் அதே சிதறல் வந்தால் கோப்பு அந்த இடத்தில் கெட்டிருக்கிறது. மறுபடி காப்பி எடுங்கள்.

அறிகுறி: படுத்த படம், நசுங்கிய படம், சீப்புக் கோடுகள்

போனில் நிமிர்த்தி எடுத்தது கணினியில் படுத்துக் கிடந்தால், கோப்பில் இருக்கும் சுழற்சிக் குறிப்பை அந்தப் பிளேயர் மதிக்கவில்லை என்று பொருள். லாஸ்லெஸ்கட்டில் அந்தக் குறிப்பை மட்டும் மாற்றலாம்.

டிவிடியிலிருந்து எடுத்த படத்தில் மனிதர்கள் ஒல்லியாகவோ குண்டாகவோ தெரிந்தால் ஆஸ்பெக்ட் ரேஷியோவை மாற்றுங்கள். 720×576 என்ற அதே அளவு 4:3 ஆகவும் 16:9 ஆகவும் இருக்கலாம். அசையும் பொருளின் ஓரத்தில் சீப்பின் பற்கள் போலக் கோடுகள் தெரிந்தால் அது இன்டர்லேஸ் வீடியோ, அதாவது ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் மாற்றி மாற்றிப் பதிவு செய்தது. விஎல்சியில் டிஇன்டர்லேஸ் என்பதை ஆன் செய்தால் போதும்.

அறிகுறி: சப்டைட்டில் வரவில்லை, அல்லது புரியாத எழுத்தாக வருகிறது

தனிக் கோப்பாக இருந்தால், பெயர் வீடியோவின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். அதே ஃபோல்டரில் இருக்க வேண்டும். டிவிகள் எஸ்ஆர்டி வடிவத்தை நன்றாகப் படிக்கும், ஏஎஸ்எஸ் வடிவத்தில் தடுமாறும். ப்ளூரேயின் பிஜிஎஸ் சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் படமாக இருப்பதால் எம்பி4 பெட்டிக்குள் போகாது. எம்கேவியிலிருந்து எம்பி4-க்கு மாற்றியதும் சப்டைட்டில் காணாமல் போவது இதனால்தான்.

தமிழ் சப்டைட்டிலில் இரண்டு விதமான கோளாறு வரும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெற்றுக் கட்டங்களாக வந்தால் எழுத்துரு இல்லை. பிளேயரின் சப்டைட்டில் அமைப்பில் தமிழ் தெரிந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். மேலே குறியிட்ட லத்தீன் எழுத்துகளாகக் கொட்டினால் குறியேற்றம் தவறு. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுக்கும். பிளேயர் அதைப் பழைய மேற்கத்தியக் குறியேற்றமாகப் படித்தால் ஒரு எழுத்து மூன்று குப்பை எழுத்தாகிவிடும். பிளேயரில் குறியேற்றத்தை யூடிஎஃப்-8 என்று மாற்றுங்கள். டிவியில் அந்த வசதி இல்லை என்றால், நோட்பேடில் திறந்து, சேமிக்கும்போது பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் குறியேற்றத்தைச் சொல்லும் குறி) உடன் கூடிய யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமித்துப் பாருங்கள். கால்களும் கொம்புகளும் இடம் மாறி வந்தால் அது டிவியின் எழுத்து அடுக்கும் குறை. கோப்பைத் திருத்திப் பயனில்லை, வேறு பிளேயரில்தான் பார்க்க வேண்டும்.

சப்டைட்டில் போகப்போக விலகினால், 25 பிரேமுக்கு எழுதியதை 23.976 பிரேம் படத்தோடு போட்டிருக்கலாம். ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் தள்ளிப்போகும். சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருளில் பிரேம் ரேட்டை மாற்றிச் சேமிக்கலாம்.

அறிகுறி: கோடெக் இறக்கச் சொல்கிறது

வீடியோவை ஓட்டினால் ஒரு இணையதளத்துக்குப் போய் கோடெக்கையோ பிளேயரையோ இறக்கச் சொல்லும் கோப்பை அப்படியே மூடிவிடுங்கள். உண்மையான வீடியோ இதைக் கேட்காது. விண்டோஸில் எக்ஸ்டென்ஷன்களைக் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் பெயருக்குப் பின்னால் இஎக்ஸ்இ என்று இருந்தால் அது வீடியோவே இல்லை, ஒரு நிரல். திறக்காமல் அழியுங்கள். கோடெக் பேக் என்று மொத்தமாகக் கிடைப்பவையும் இன்று யாருக்கும் தேவையில்லை.

அறிகுறி: பாதியில் நிற்கிறது, அல்லது பதிவு செய்த கோப்பு திறக்கவே இல்லை

இறக்கிய கோப்பு பாதியில் நின்றால் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள், முழுதாக வந்திருக்காது. ஏவிஐ கோப்பில் முன்னும் பின்னும் தாவ முடியாவிட்டால் அதன் அட்டவணை கெட்டிருக்கிறது. விஎல்சியே சரிசெய்யட்டுமா என்று கேட்கும், ஏவிடெமக்ஸில் திறந்து காப்பியாகச் சேமித்தாலும் சரியாகும்.

பதிவு நடுவில் அறுந்த எம்பி4, எம்ஓவி கோப்புகள்தான் மனதை வருத்துபவை. பேட்டரி தீர்ந்தது, கார்டைப் பிடுங்கிவிட்டார்கள், கேமரா கீழே விழுந்தது. கோப்பு பல ஜிபி இருக்கிறது, எந்தப் பிளேயரும் திறக்கவில்லை. எந்த பிரேம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் மூவ் என்ற அட்டவணையைக் கேமரா பெரும்பாலும் கடைசியில்தான் எழுதும். பதிவு அறுந்ததால் அது எழுதப்படவில்லை. படமும் ஒலியும் பெரும்பாலும் உள்ளே அப்படியே இருக்கும். நம்பிக்கையை விட வேண்டாம்.

முதலில், அந்தக் கார்டில் அதற்கு மேல் எதையும் பதிவு செய்யாதீர்கள். கார்டைக் கேமராவில் போட்டு ஆன் செய்து பாருங்கள். சில கேமராக்கள் முடிவடையாத கோப்பைக் கண்டு தாமே சரிசெய்துவிடும். ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சரியாகவில்லை என்றால் கோப்பைக் கணினிக்கு நகல் எடுத்து, நகலில் வேலை செய்யுங்கள். அதே கேமராவில், அதே ரெசல்யூஷனில், அதே பிரேம் ரேட்டில் ஒரு நிமிடம் புதிதாக வேறு கார்டில் பதிவு செய்யுங்கள். அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி இந்த நல்ல கோப்பை மாதிரியாக வைத்து, கெட்ட கோப்புக்கு அட்டவணையைக் கட்டிக் கொடுக்கும். மாதிரி வேறு அமைப்பில் இருந்தால் வேலை செய்யாது. இந்த இடத்தில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள்.

கணினித் திரையை ஓபிஎஸ் மூலம் பதிவு செய்பவர்கள் எம்கேவியில் பதிவு செய்யுங்கள். மின்சாரம் போனாலும் அதுவரை பதிவானது தப்பும். அப்புறம் ஓபிஎஸ்ஸின் ஃபைல் மெனுவிலேயே எம்பி4-க்கு ரீமக்ஸ் செய்துகொள்ளலாம்.

மறுபடி சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால்

படத்தின் கோடெக்கே சாதனத்துக்குத் தெரியாதபோது வேறு வழியில்லை. ஹேண்ட்பிரேக்கில் ஃபாஸ்ட் 1080பி30 என்ற தயார் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எம்பி4 பெட்டி, எச்.264 படம், ஏஏசி ஒலி, 8 பிட். இந்தக் கூட்டணி ஓடாத சாதனம் இன்று அரிது. மூலம் நொடிக்கு 60 பிரேம் என்றால் 30 என்ற வரம்பை எடுத்துவிட்டு, மூலத்தில் உள்ளபடியே வையுங்கள். தரத்துக்கான ஆர்எஃப் எண்ணை 1080பி-க்கு 20 முதல் 24-க்குள் வையுங்கள். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். மூலத்தைவிட ரெசல்யூஷனைக் கூட்டாதீர்கள், இல்லாத நுணுக்கம் அதனால் வந்துவிடாது.

முழுக் கோப்பையும் மாற்றுவதற்கு முன், அதிக அசைவுள்ள ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றி, எந்தச் சாதனத்தில் ஓட வேண்டுமோ அதிலேயே பாருங்கள். படம், ஒலி, சப்டைட்டில் மூன்றும் சரியாக இருந்தால் முழுதையும் ஓடவிடுங்கள். முடிந்ததும் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடங்களில் தட்டிப் பாருங்கள். மூலக் கோப்பை வேறொரு ஹார்ட்டிஸ்கில் அப்படியே வைத்திருங்கள். அடுத்து வாங்கும் டிவியில் அதுவே நேராக ஓடக்கூடும்.